தாயைப் பார்த்துக் குட்டியை எடு!

“அம்மா, ஒரு நாய்க்குட்டி வாங்கித் தாயேன்!”

இந்தப் பல்லவி ஒலிக்காத வீடு பட்டணத்தில் அபூர்வம். முதல் வாரம் குழந்தைகள் கேட்பார்கள். இரண்டாவது வாரம் அவர்களுடைய அப்பாவும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிடுவார். மூன்றாவது வாரம் கைப்பேசியில் ஒரு படத்தைக் கொண்டுவந்து உங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். பொன்னிறத்தில் சுருட்டை மயிர், கோலிக்குண்டு போல் இரண்டு கண்கள், கழுத்தில் சிவப்பு நாடா. “இதற்குப் பெயர் கோல்டன்டூடுல், அம்மா!” என்பார்கள். பெயரைக் கேட்டால் நூடுல்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். படத்தின் கீழே “இடம்: பெரம்பலூர்” என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை நீங்களும் ஒரு முறை நன்றாகப் பாருங்கள். குட்டி இருக்கிறது, நாடா இருக்கிறது, கூடை இருக்கிறது. குட்டியின் தாய் எங்கே?

“தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம்” என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். பெண் பார்ப்பதற்காகச் சொன்ன அந்த வார்த்தை, நாய்க்குட்டி பார்ப்பதற்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும். ஆகையால் வாருங்கள், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஒரு நடை போய் வருவோம். குட்டி பார்ப்பது காரியம். வழியில் ஊர் பார்ப்பது லாபம்.

புறப்படும் முன்

பெட்டியில் துணி அடுக்குவதற்கு முன்னால் டெலிபோனில் மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். குட்டிக்கு எத்தனை நாள் ஆயிற்று? தாய் அதே வீட்டில் இருக்கிறதா? நாங்கள் நேரில் வந்து பார்க்கலாமா?

“அவ்வளவு தூரம் நீங்கள் ஏன் அம்மா சிரமப்பட வேண்டும்? பணத்தை அனுப்பிவிடுங்கள். உளுந்தூர்பேட்டை சுங்கச்சாவடிக்கே குட்டியைக் கொண்டுவந்து தருகிறோம்” என்று பதில் வந்தால், அந்தத் தயாள குணத்தைக் கண்டு உருகிவிடாதீர்கள். தாயைக் காட்ட மனமில்லாதவர்கள் பேசும் பேச்சு அது. கூண்டுக்குள்ளேயே கிடந்து, வருஷம் தவறாமல் குட்டி போட்டு, எலும்பும் தோலுமாகிவிட்ட தாயை யார்தான் விருந்தாளிக்குக் காட்டுவார்கள்?

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. நாய் வளர்த்து விற்பவர்களுக்கென்று 2017-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதிகள் கொண்டு வந்தது. அவற்றின்படி 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத பெண் நாயைக் குட்டி போடவிடக் கூடாது. 12 மாதத்துக்குள் இரண்டு ஈற்று கூடாது. எட்டு வயதுக்கு மேலும், ஐந்து ஈற்றுக்கு மேலும் கூடவே கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். “உங்கள் பதிவு எண் என்ன?” என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்லவர்கள் அந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்கள்.

எட்டு வாரம் என்று ஏன் இந்தக் கண்டிப்பு? தாய்ப்பால் மட்டும் காரணமல்ல. எவ்வளவு பலமாகக் கடிக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான். ஒரு மாதத்தில் பிரித்து எடுத்துவந்த குட்டி, பிற்பாடு உங்கள் குழந்தையின் கையில் அந்தப் பாடத்தைப் படிக்கும்!

நூடுல்ஸின் தம்பி யார்?

கோல்டன் ரெட்ரீவர் என்ற சாதுவான நாயையும், பூடில் என்ற சுருட்டை மயிர் புத்திசாலியையும் சேர்த்துப் பிறந்ததுதான் கோல்டன்டூடுல். இது ஒரு தனி இனம் அல்ல, கலப்பு. இந்திய கென்னல் கிளப் இதை இனமாகப் பதிவு செய்வதில்லை. ஆகையால் “கென்னல் கிளப் சான்றிதழோடு கோல்டன்டூடுல்” என்று யாராவது சொன்னால் அங்கேயே எச்சரிக்கையாகிவிடுங்கள்.

இந்த மோகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஆஸ்திரேலியா. ஹவாய்த் தீவில் கண் தெரியாத ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய் மயிர் ஒத்துக்கொள்ளாது. ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் பணிபுரிந்த வாலி கான்ரன் என்பவர், 1989-ஆம் ஆண்டில் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்துப் பார்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது! அதற்குப் பின்னால் உலகமெங்கும் ‘டூடுல்’ பைத்தியம் பிடித்துக்கொண்டது. பணத்துக்காகக் கண்டபடி கலக்க ஆரம்பித்தார்கள். இதைத் தொடங்கி வைத்தோமே என்று கான்ரன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே வருந்தினார்.

“இந்த நாய்க்கு மயிரே உதிராது, ஆஸ்துமாக்காரர் வீட்டிலும் வளர்க்கலாம்” என்று உறுதி சொல்கிறவர்களிடம் இந்த மூன்று குட்டிக் கதையைச் சொல்லுங்கள். ஒரே ஈற்றில் ஒன்று சுருட்டையாகவும் ஒன்று நேர் மயிராகவும் பிறக்கும். உதிராத மயிர் சிக்குப் பிடிக்கும். தினமும் சீவ வேண்டும். உங்கள் பெண்ணுக்குப் பின்னலிட்டு முடித்த கையோடு இதற்கும் ஒரு சீப்பு எடுக்க வேண்டும் என்று அர்த்தம்!

பெரம்பலூர் வந்துவிட்டது

பெரம்பலூருக்கு ரயில் இல்லை. சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் சுமார் 270 கிலோமீட்டர். ஊரை நெருங்கும்போது ரஞ்சன்குடிக் கோட்டையின் மதில் தென்படும். 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபின் பெயரால் மோதிக்கொண்ட பூமி இது. அதைத் தாண்டினால் வாலிகண்டபுரம். அப்புறம் பெரம்பலூர். பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-இல் பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. இரு பக்கமும் கரிசல் மண்; மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். நிழல் குறைவு, வெயில் தாராளம்.

அந்த வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு அப்படி இல்லை. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். பனி நாட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிறந்த நாய் சித்திரை மாதத்தில் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றை நம் சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்டதற்குக் காரணம் இதுதான். டூடுல் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் மயிரைக் கத்தரித்து, விசிறிக்கடியில் இடமும் தண்ணீரும் வைக்க வேண்டிய ஜாதிதான்.

“கால் அலம்பிவிட்டு வாருங்கள்”

குட்டி போட்டிருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டோம். வாசலிலேயே வீட்டுக்கார அம்மாள், “செருப்பை வெளியே விட்டுவிட்டு, கை கால் அலம்பிக்கொண்டு வாருங்கள். இன்று வேறு எங்கேயாவது குட்டி பார்த்துவிட்டு வருகிறீர்களா?” என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். மனசுக்குள் நூற்றுக்குப் பத்து மார்க் போட்டுக்கொள்ளுங்கள்.

குட்டிகளுக்கு எமன் பார்வோ என்ற வைரஸ். வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். அது மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கும்; செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிரயாணம் செய்யும். ஊருக்குப் போய் வந்தவர்களைக் கால் அலம்பாமல் குழந்தையிடம் விடாத நம் பாட்டிமாரின் வழக்கத்தை இங்கே நாய்க்குட்டிக்காக அனுசரிக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே நாளில் பல வீடு ஏறி இறங்கிக் குட்டிகளைத் தொட்டுப் பார்க்காதீர்கள்.

உள்ளே போனதும் குட்டிகள் உங்கள் காலைச் சுற்றும். அவற்றைத் தூக்கிவிடாதீர்கள்! தூக்கினீர்களோ, அதோடு உங்கள் புத்தி வேலை செய்யாது. முதலில் தாயைப் பாருங்கள். உடம்பு தேறி இருக்கிறதா? வீட்டு மனுஷர்கள் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறதா? குட்டி போட்ட தாய் அந்நியரைக் கண்டு சற்று உறுமலாம், அது நியாயம். ஆனால் வீட்டுக்காரர் கையை ஓங்காமலே நடுங்கினால், அந்த வீட்டில் நடப்பது என்ன என்று அது சொல்லாமல் சொல்லிவிட்டது.

பிறகு இடத்தைப் பாருங்கள். மூக்கையும் உபயோகியுங்கள். குட்டிகள் கொல்லைக் கொட்டடியில் வளர்கின்றனவா, வீட்டுக் கூடத்தில் வளர்கின்றனவா? மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் மூன்றாவது மாதம் வரை குட்டி கேட்பது, பார்ப்பது எல்லாம் மனத்தில் பதிகிற காலம். குக்கர் விசிலும், மிக்ஸி சத்தமும், குழந்தை அழுகையும் கேட்டு வளர்ந்த குட்டி உங்கள் வீட்டுக்கு வந்து மிரளாது. வீட்டில் வளர்த்த குட்டி வேண்டும் என்று தேடுவதற்கு இதுதான் காரணம்.

இப்போது குட்டியைத் தூக்கலாம். கண்ணில் பீளை, மூக்கில் ஒழுக்கு கூடாது. காதுக்குள் நாற்றம் கூடாது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தம் போதாது. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை போல் உப்பியிருந்தால் உள்ளே பூச்சி. வால் அடியில் சுத்தமாக இருக்க வேண்டும். தரையில் விட்டு நடக்கச் சொல்லிப் பாருங்கள். பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். காது கேட்கிற குட்டி திரும்பும்.

கடைசியாகக் காகிதங்கள். பூச்சி மருந்து கொடுத்த தேதிகள், 6 முதல் 8 வாரத்துக்குள் போட்ட முதல் தடுப்பூசி, டாக்டரின் கையெழுத்து, மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டு, எல்லாம் இருக்க வேண்டும். ரெட்ரீவர், பூடில் இரண்டுக்குமே இடுப்பு மூட்டுக் கோளாறும் பரம்பரைக் கண் நோயும் வரக்கூடும். ஆகவே தாய் தகப்பன் இரண்டுக்கும் எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயும் கண் பரிசோதனையும் உண்டா என்று கேளுங்கள். “கலப்பு நாய்க்கு வியாதியே வராது” என்ற சமாதானம் எடுபடாது. பூடில் கலப்புகள் சிலவற்றை ஆராய்ந்த இங்கிலாந்தின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி, மொத்தத்தில் அவை தாய் தகப்பன் இனங்களைவிட ஆரோக்கியமானவை அல்ல என்று 2024-இல் சொல்லிவிட்டது.

நீங்கள் கேள்வி கேட்டது போதும். இனி அந்த அம்மாள் உங்களைக் கேட்பார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? மாடி வீடா? வாடகை வீடானால் சொந்தக்காரர் சம்மதித்தாரா? லீவுக்கு ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள்? “உங்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் தெருவில் விடாதீர்கள், எத்தனை வருஷம் ஆனாலும் எங்களிடமே கொண்டுவந்து விடுங்கள்” என்றும் சொன்னால், நல்ல இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று நிம்மதியாக மூச்சு விடலாம். பணத்தை எண்ணுவதிலேயே குறியாக இருந்தால், எண்ண விடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்மரத்தடியில் ஒரு யோசனை

எவ்வளவு பிடித்திருந்தாலும் அன்றைக்கே முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு பொழுது தள்ளிப் போடுங்கள். பொறுமைக்கு இந்தச் சீமையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் சுமார் 18 மீட்டர். வயது ஏறத்தாழ 12 கோடி வருஷம்! கடல் இந்தப் பக்கமெல்லாம் பரவியிருந்த காலத்தில் விழுந்து, புதைந்து, கல்லாகிப்போன மரம். புவியியல் ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதை உலகுக்குத் தெரிவித்தார்.

கல்மரத்தைக் குழந்தைகள் சுற்றி வரட்டும். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஓரமாக நின்று கணக்குப் போடுங்கள். நாய்க்கு ஆயுள் சுமார் 10 முதல் 15 வருஷம். இன்று நான்காம் வகுப்புப் படிக்கும் பையன் கல்லூரிக்குப் போய்விடுவான். நாய் உங்களோடுதான் இருக்கும். காலையில் வெளியே அழைத்துப் போவது, குளிப்பாட்டுவது, ஊசி போடுவது எல்லாம் கடைசியில் யார் தலையில் விடியும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே முடிவும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

அரியலூர்ப் பக்கம்

பெரம்பலூரிலிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் அரியலூர். 2007-இல் நிலையான தனி மாவட்டம் ஆயிற்று. ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. இங்கே தோண்டுகிற சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய கடல் விட்டுப்போன சொத்துதான். அதை நம்பியே சிமெண்டு ஆலைகள் நிற்கின்றன. வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தில் அந்தக் கடல் ஜீவன்களின் படிமங்களைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

சாலையோரத்தில் ஆட்டு மந்தையைக் கண்டால் சற்று வண்டியை நிறுத்துங்கள். மந்தையின் ஓரத்தில் செவலையோ கறுப்போ ஒரு நாட்டு நாய் நிற்கும். காது நிமிர்ந்திருக்கும், வயிறு ஒட்டியிருக்கும், வெயில் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. இங்கே நீங்கள் தாயைத் தேடிப் பார்க்க வேண்டியதே இல்லை. பட்டிக்குப் பக்கத்தில் குட்டி இருந்தால், தாய் தானாகவே வந்து உங்களைப் பார்த்துவிடும்!

“இனம் உள்ள நாய்தான் வேண்டும்” என்றால் தமிழ்நாட்டுக்கே உரிய இனங்கள் இருக்கின்றன: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால் தலையே வெளியிட்டார்கள். ஆனால் இவை ஓடிப் பிழைத்த வம்சம். இரண்டு அறை வீட்டில் அடைத்து வைத்தால் ஏங்கிப் போகும். தூய வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. ஆகையால் கை தட்டிப் பார்க்கும் சோதனையை இங்கே மறக்கவே கூடாது.

பெயரில்லாத நாட்டுக் குட்டியை எடுத்தால் விலை கிடையாது, செலவு உண்டு. பூச்சி மருந்தும் தடுப்பூசிகளும் டூடுலுக்கு எத்தனையோ, இதற்கும் அத்தனையே. பால் குடி மறக்காத குட்டியைக் குழந்தை அழுகிறதே என்று தூக்கி வந்துவிடாதீர்கள். எட்டு வாரக் கணக்கு மந்தை நாய்க்கும் உண்டு.

வீடு திரும்பும்போது

நாள் நிறைந்ததும் குட்டியை அழைத்துவர மறுபடியும் போவீர்கள். அரியலூரில் ரயில் உண்டு. ஆனால் சின்னக் குட்டியைக் கார்டு வண்டியின் நாய்ப் பெட்டியில் போடுவது கொடுமை. காரே மேல். கிளம்பும் முன் வயிறு நிறைய ஊட்டாதீர்கள்; வாந்தி எடுக்கும். தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக் கூடையில் போடுங்கள். அந்த வாசனைதான் முதல் ராத்திரிக்குத் தாலாட்டு. வழியில் காபி சாப்பிட நிறுத்தும்போது குட்டியைத் தரையில் விடாதீர்கள். நூறு நாய் நடந்த மண் அது. பார்வோ அங்கேதான் காத்திருக்கும். அடைத்த காருக்குள் தனியே விட்டுப் போவதும் கூடாது.

வந்த மறுநாளே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த ஊசிகள் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, குட்டிக்கு நான்கு மாதம் ஆகும் வரை. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாவது மாதம். பிறகு டாக்டர் சொல்கிற தேதியில் தவறாமல். விளையாட்டில் பல் பட்டு யாருக்காவது ரத்தம் வந்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காத்திருக்கும் வியாதி அல்ல அது.

இன்னும் ஒன்று. பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் இரண்டு கிலோ வாங்கி வந்திருப்பீர்கள். பேஷாக வாங்குங்கள், சாம்பார் மணக்கும். ஆனால் மீந்த சாம்பார் சாதத்தைக் குட்டியின் தட்டில் போட்டுவிடாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். திராட்சையும் சாக்லெட்டும் அதே மாதிரி விஷம்.

அடுத்த தடவை உங்கள் மூக்குக்கு நேரே யாராவது ஒரு நாய்க்குட்டிப் படத்தை நீட்டினால், நிறத்தைக் கேட்காதீர்கள், விலையைக் கேட்காதீர்கள். “இதன் அம்மா எங்கே?” என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்காதவர் வீட்டு வாசலில் போய்க் கால் அலம்புங்கள்.